அக்கா நூல் கட்டிய கார்

இந்த நினைவு மலரை அக்கா கையில் கொடுத்திருந்தால் முதலில் படத்தைப் பார்க்க மாட்டார். நடுப்பக்கத்தைத் திருப்பி, ஸ்டேப்ளர் பின் அடித்திருப்பதைக் கண்டு, "ஏன்டா, நூல்ல தைக்க ஆள் கெடைக்கலையா?" என்று என்னைக் கேட்டிருப்பார். அவர் நம்மை விட்டுப் போய் ஓராண்டாகிறது. எழுதச் சொன்னவர் அத்தான். கூடப் பிறந்த தம்பி என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தின் ஒண்டுக் குடித்தனத்தில். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். நான் அரைக்கால்சட்டையில் திரிந்த வயதில் அப்பா காலமானார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, தி.நகரில் ஒரு தையல் கடையில் கொக்கி கட்டும் வேலைக்குப் போனார் அக்கா. அந்தக் கொக்கிகள்தான் என்னைக் கல்லூரி வரை கொண்டுபோய் நிறுத்தின. பிறகு மந்தைவெளியில் சொந்தமாக ரவிக்கைக் கடை வைத்தார். அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், அக்கா தைத்ததைப் பிரித்துத் திருத்த வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "உடம்பக் கொறைங்க, இல்லாட்டி துணிய அதிகமாக் கொண்டாங்க" என்று வாடிக்கையாளரிடமே சொல்வார். அவர்களும் சிரித்துக்கொண்டு மறுபடி வருவார்கள்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. அத்தான் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. சர்க்கரை நோய் அவருடைய ஒரு காலை எடுத்துக்கொண்டு, பிறகு சிறுநீரகத்தையும் பழுதாக்கியபோது, ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் அடையாறில் டயாலிசிஸ். வாடகைக் காரை அழைத்தால், வாசலில் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். ஆட்டோவில் அத்தானால் ஏறவே முடியாது. எனவே முன் இருக்கையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, வழுக்கிக்கொண்டு உட்கார வசதியாகச் சாட்டின் துணியில் உறை தைத்துப் போட்டார் அக்கா. அத்தானுக்கு அந்த வண்டிதான் கால் என்று ஆனது.

அக்காவின் குணத்தைச் சொல்ல எனக்கு ஒரு ஆயுத பூஜை போதும்.

அன்று அக்கா எதற்காகவும் கத்தரிக்கோலைத் தொட மாட்டார். ஒரு வருஷம் கல்யாணப் பெண்ணின் அம்மா கடை வாசலிலேயே அழுதார். "நாளைக்கு மறுபூஜை முடிஞ்சதும் மொத வேலை ஒங்களுதுதான். இன்னிக்குக் கத்தரிக்கோலுக்கு லீவு" என்று சாமி படத்தைக் காட்டி அக்கா அனுப்பிவிட்டார். அவ்வளவு பிடிவாதம்.

நான் சொல்லும் ஆண்டில் ஆயுத பூஜையும் டயாலிசிஸும் ஒரே நாளில் வந்தன. வேளச்சேரியிலிருந்து நானும் பூஜைக்கு வந்திருந்தேன். காருக்குச் சில நாட்களாகவே சாவி போடும் ஸ்விட்ச் சரியில்லை. சாவியை இப்படியும் அப்படியும் ஆட்டினால்தான் செல்ஃப் எடுக்கும். மெக்கானிக் கன்னியப்பன் புதுப்பேட்டையிலிருந்து புது ஸ்விட்ச் வாங்கிக் கொடுத்து, பூஜை முடிந்து மாட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா அதையும் பூஜையில் வைத்துவிட்டார். கத்தரிக்கோல், நூல்கண்டுப் பெட்டி, காரின் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், நடுவில் இந்த ஸ்விட்ச். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

பூஜை முடிந்தது. காருக்கு மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அத்தானை உள்ளே உட்கார வைத்தோம். அக்கா சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. ஆட்டினார், அழுத்தினார், ஒருமுறை திட்டியும் பார்த்தார். விளக்குகூட எரியவில்லை.

அத்தானுக்கு முந்தின இரவே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அன்றைய முறை தவறினால் விடுமுறைக் கூட்டத்தில் வேறு மெஷின் கிடைக்காது என்று அடையாறில் சொல்லிவிட்டார்கள். போனில் மூன்று வாடகைக் கார்கள் வந்தமாதிரி வந்து ரத்தாயின. அக்கா கன்னியப்பனை அழைத்தார்.

"மாமியார் ஊட்டுக்கு வந்துக்கீறேன்க்கா. ஒண்ணும் பயப்படாத, நீயே மாத்திடலாம். மொதல்ல பேட்டரி ஒயரக் கழட்டிடு. சாவி போடற எடத்தச் சுத்தி ஒரு ரிங்கு கீது பாரு, அத்தக் கழட்னா ஸ்விட்ச்சு பின்னால வந்துடும். ஒயரு நாலும் எது எங்கன்னு பாத்துக்கினு அதே மாதிரி..."

அதோடு டவர் போய்விட்டது.

அக்கா வீட்டுக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். "அக்கா, மறுபூஜை பண்ணாம எடுக்கக் கூடாதுக்கா" என்றேன். எனக்குச் சாமி பயம் எப்போதுமே கொஞ்சம் ஜாஸ்தி.

அக்கா ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தாயே, கடைக்குன்னா தொட மாட்டேன். இவருக்காகத் தொடறேன். கோவம்னா நாளைக்கு என்னைக் கேட்டுக்க." பிறகு என் பக்கம் திரும்பி, "மரம் மாதிரி நிக்காத. நூல்பெட்டிய எடு" என்றார்.

நூல் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கழற்றும்முன் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றேன். "எடுத்து? நாலு ஒயரும் அழுக்கேறி ஒரே கருப்பு. போட்டோல மட்டும் வெளுத்துடுமா?" என்றார். பேட்டரி வயரை என்னைக் கழற்றச் செய்துவிட்டு, கால் வெளியிலும் தலை ஸ்டியரிங்குக்கு அடியிலுமாகப் படுத்துக்கொண்டார். பட்டுப்புடவையைப் பற்றிய கவலையே இல்லை. வயர்களைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் நூல் கட்டினார். பழைய ஸ்விட்சில் அந்தந்த முனையிலும் அதே நிறம். பிறகு புது ஸ்விட்சைப் பக்கத்தில் வைத்து, "இது அளவு ஜாக்கெட், இது புதுத்துணி. அவ்வளவுதான்டா" என்றார்.

கடைசி இரண்டு வயர்களை மாட்டும் வேலை, அந்த இடுக்கில் என் கை நுழைந்ததால், எனக்கு வந்தது. மாட்டினேன். பேட்டரியை இணைத்து அக்கா சாவியைப் பாதிதான் திருப்பியிருப்பார், ஸ்டார்ட்டர் கிர்ர்ரென்று தன்பாட்டுக்குச் சுற்றியது. இஞ்சின் பிடிக்கவில்லை. நான் பயத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அக்கா சாவியை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "டேய், மெரூன மாட்டற எடத்துல செவப்ப மாட்டி வெச்சிருக்க!"

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"கல்யாண ஜாக்கெட்ல இத செஞ்சிருந்தா என்னை உதைச்சிருப்பாங்க."

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அத்தான் அந்த நிலையிலும் சிரித்தார். பேட்டரியை மறுபடி கழற்றி, அந்த இரண்டு வயர்களையும் அக்காவே மாற்றினார். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே மூச்சில் கிளம்பியது. அதுவரை சும்மா கிடந்த எலுமிச்சம்பழங்கள் நான்கும் நசுங்கின. அடையாறு பாலத்தில் மாலை காற்றில் பறக்க, நெற்றியில் குங்குமமும் கன்னத்தில் கிரீஸுமாக அக்கா ஓட்டிய ஓட்டத்தை நான் பின் இருக்கையிலிருந்து பார்த்தேன். என் அக்கா என்று ஊருக்கே கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அத்தானுக்கு அன்று மெஷின் கிடைத்தது.

ஊரிலிருந்து வந்த கன்னியப்பன் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, காருக்குக் குஞ்சம் கட்டிக்கீற? வெட்டிட்டு டேப்பு சுத்திடவா?" என்றார். டேப்பைச் சுற்றச் சொன்ன அக்கா, நூலை வெட்ட விடவில்லை. "நாளைக்கு நீ இல்லாதப்ப திரும்பப் போனா?" என்றார்.

இல்லாமல் போனது அக்காதான். கடையில், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே மாரடைப்பு. யாருக்கும் தொந்தரவு தரவில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இன்னும் நிறையத் தொந்தரவு தந்துவிட்டுப் போயிருக்கலாம்.

தகனம் முடிந்த மறுநாள் டயாலிசிஸ் நாள். அத்தான் வர மாட்டேன் என்றுவிட்டார். "போதும்டா. அவளே போயிட்டா, நான் யாருக்காகப் போகணும்?" என்றார். துக்க வீட்டிலிருந்து உடனே கிளம்பக் கூடாது என்று பெரியவர்களும் தயங்கினார்கள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "பூஜையில இருந்த ஸ்பேனரையே உங்களுக்காக எடுத்தவ, அத்தான். நீங்க வீட்ல உக்காந்தா அவ சும்மா விட மாட்டா" என்று சொல்லி, அவரைத் தூக்கி அந்தச் சாட்டின் உறைமேல் உட்கார வைத்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் நூல் நுனிகள் தொங்கின. அத்தான் கையை நீட்டி ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "சரி, எடு" என்றார்.

அந்த நாட்களில் கூட நின்ற அனைவருக்கும், கடையை இன்றும் நடத்திவரும் அக்காவின் தையல்காரப் பெண்களுக்கும், அத்தானைத் தங்கள் வீட்டு மனிதராகப் பார்த்துக்கொள்ளும் டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், மாமியார் வீட்டிலிருந்து வழி சொன்ன கன்னியப்பனுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அக்காவின் முதலாண்டு நினைவு நாளான இன்றும் டயாலிசிஸ் நாளாகவே அமைந்துவிட்டது. நீங்கள் பந்தியில் இருக்கும்போதே நானும் அத்தானும் எழுந்து கிளம்புவோம். தவறாக நினைக்காமல் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அக்கா இருந்திருந்தால் அவரும் உங்களை இலையில் விட்டுவிட்டு வண்டியை எடுத்திருப்பார்.