ஸ்டான் க்ரோதருக்கு எட்டு வரி

பெரில் ஆம்ப்ளர் இதுவரை நான்கு கவிதைப் புத்தகங்கள் போட்டிருக்கிறாள். நான்கையும் அடுக்கினால் ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் உயரம் வராது. ஹாதர்ஷா ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் இருபத்தாறு வருடமாக உருளைக்கிழங்கு மசிக்கிறாள். தட்டுகள் கழுவியானதும் பின்வாசல் படியில் உட்கார்ந்து, காய்கறிச் சீட்டின் பின்பக்கம் எழுதுவாள். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய் ஏதாவது ஒரு நூலகத்தில் பன்னிரண்டு பேருக்கு வாசிப்பாள். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்களாக இருப்பார்கள். ஒரு முறை லண்டனில் பெரிய பரிசு ஒன்றின் இறுதிப் பட்டியலில் அவள் பெயர் வந்தது. பரிசு வேறொருவருக்குப் போனது. மறுநாள் வழக்கம்போல் கஸ்டர்ட் கிளறினாள்.

ஊர் அவளைக் கவிஞர் என்று நினைத்துக்கொள்வது சாவு விழும்போதுதான். தகனக் கூடத்தில் வாசிக்க யாருக்காவது நாலு வரி வேண்டியிருக்கும். மறுக்காமல் எழுதித் தருவாள். நிபந்தனை ஒன்றுதான்: இல்லாததை எழுத மாட்டாள்.

போன மார்ச்சில் ஸ்டான் க்ரோதர் இறந்தபோது அந்த நிபந்தனை அவளுக்கே பாரமாகிவிட்டது. ஸ்டானுக்கு ஊரில் பாதிப் பேரோடு பேச்சில்லை. பக்கத்து வீட்டு நாரிஸோடு ஒரு வேலிக்காக இருபது வருடம் பேசவில்லை. மகள் லின்னின் கல்யாணத்தன்று புறாப் பந்தயத்துக்குப் போனவர். அந்த லின், பெரிலோடு ஒரே வகுப்பில் படித்தவள், திங்கட்கிழமை சமையலறைக் கதவைத் தட்டினாள்.

"வெள்ளிக்கிழமை அப்பாவுக்குத் தகனம். எதாவது எழுதிக் குடு, பெரில்."

"உங்கப்பாவப் பத்தியா?"

"பின்ன, உங்கப்பாவப் பத்தியா? நீ எழுதலன்னா சடங்க நடத்தி வைக்கிறவரு அச்சடிச்ச அட்டையப் பாத்து 'அன்பே உருவானவர்'னு படிப்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நான் முன்வரிசைல உக்காந்திருக்கணும்."

"அவர் செஞ்ச நல்லது ஒண்ணு சொல்லேன்."

லின் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, முதல் விரலிலேயே நின்றாள். "நேரம் தவற மாட்டாரு."

"அத நம்மூரு பஸ்ஸப் பத்தியும் எழுதலாம்டி."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பெரில் ஊரெல்லாம் விசாரித்தாள். மதுக்கடைக்காரர், "இனிமே கடைல சத்தம் கம்மியா இருக்கும், அத வேணா எழுதிக்க" என்றார். சீட்டு வெறுமையாகவே இருந்தது. பொதுவாக நாலு நல்ல வார்த்தை போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் யாருக்கும் பொருந்துகிற புகழ்ச்சி ஒருவரையும் புகழ்வதில்லை என்பது அவள் எண்ணம். பாராட்டுவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பிற்பகல் வேறு வழியில்லாமல் நாரிஸிடமே போனாள். அவர் தன் புறாக்கூண்டில் எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஆள் கெடைக்காம என்கிட்டயா வந்த, கண்ணு?"

"கடைசியா உங்ககிட்டதான்."

அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "ஒண்ணு இருக்கு. ஆனா நான் அவன மன்னிச்சேன்னு மட்டும் எழுதிராத. பந்தயத்துல களைச்ச புறா கண்டவன் கூண்டுல எறங்கும். கால்வளையத்துல நம்பர் இருக்கும், சொந்தக்காரனுக்கு போன் பண்ணுவோம். 'தோத்தது எனக்கு வேணாம், கழுத்தத் திருகிடு'ன்னுவான். நாங்க திருகிருவோம். ஸ்டான் ஒருநாளும் திருகினதில்ல. அவன் கூண்டப் போய்ப் பாரு."

"உங்க புறா எறங்கியிருக்கா?"

"ஒண்ணு, றெக்கை ஒடிஞ்சு. எட்டு நாள் வச்சிருந்து, கூடைல போட்டு என் கேட்டுகிட்ட வச்சிட்டுப் போனான். பேசல."

"நீங்க?"

"நான் ஏன் பேசணும்? கூடையக் கழுவித் திருப்பி வச்சேன்."

பெரில் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. லின்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டானின் கூண்டுக்குள் போய், ஒவ்வொரு புறாவாகப் பிடித்துக் கால்வளையத்தைப் பார்த்தாள். பத்தொன்பதில் பதினொன்று வெளியூர்ப் புறாக்கள்.

"எல்லாம் அவரு வளத்ததுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் லின்.

வெள்ளிக்கிழமை லின் எழுந்து நின்று வாசித்தாள். முதல் வரி, 'கூட வாழ எளிய மனிதரல்ல.' பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. லின்னும் சிரித்துவிட்டாள். பிறகு புறாக்கள் வந்தன, கால்வளையங்கள் வந்தன. கடைசி வரியான 'பிறர் வேண்டாம் என்றவற்றுக்கு அவர் கதவு திறந்திருந்தது' வரும்போது யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் லின் கேட்டாள். "எங்களுக்கு ஏன் தெறக்கல?"

"தெரியல லின். தெரிஞ்சத மட்டுந்தான் எழுதினேன்."

லின் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேறு பிரதி கிடையாது. பதிப்பாளர் பிறகு கேட்டபோது, "அது லின்னோடது" என்று பெரில் முடித்துவிட்டாள். அவளுடைய ஐந்தாவது புத்தகத்தில் அந்த எட்டு வரி இருக்காது. அவள் எழுதியதில் சிறந்தது அதுதான் என்று தோன்றுகிறது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நாரிஸ் இரண்டு கூடைகளோடு ஸ்டான் வீட்டு கேட்டில் வந்து நின்றார்.

"என் கூண்டுல எடம் பண்ணிட்டேன். வெளியூர்க்காரங்க எத்தன?" என்று லின்னிடம் கேட்டார்.

"பதினொண்ணு."

"ரெண்டு கூடை பத்தாது" என்று சொல்லிவிட்டு, மூன்றாவதை எடுத்துவரத் திரும்பிப் போனார்.