அடுத்தக்காவின் கடைசி டோக்கன்

அலுவலகத்தில் அவளுக்கு அடுத்தக்கா என்று பெயர். வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். டீ பாதி குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த டீ எப்போது வரும் என்று கேட்பாள். பேருந்தில் உட்காருவதற்கு முன்பே இறங்கவேண்டிய நிறுத்தத்தைக் கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டு வைத்துக்கொள்வாள். புதுச்செருப்பைக் காலில் போட்ட பிறகுதான் பழைய செருப்பைக் கழற்றுவாள் என்று ஒரு கேலி உண்டு. அது எப்படி முடியும் என்று யாரும் கேட்டதில்லை, அவள் விஷயத்தில் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவள் ஆழம் தெரிந்த பிறகும் விடமாட்டாள்.

அந்தக் கம்பெனி மருத்துவமனைகளுக்கு ரிப்போர்ட் அச்சடித்துக் கொடுக்கும் மென்பொருள் செய்கிறது. அதற்கென்று சொந்தமாக ஒரு குட்டி நிரல்மொழி வைத்திருக்கிறார்கள். அந்த மொழியில் லூப் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு பட்டியலில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே வேலையைச் செய்வது. நடுவில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆளுக்கு இட்டரேட்டர் என்று பெயர். அந்த ஆளைப் படைத்தவள் அடுத்தக்கா.

இது முதலாவதா, எத்தனையாவது, இன்னும் மிச்சம் இருக்கிறதா, எதைக் கேட்டாலும் அவள் எழுதிய அந்த நிரல்துண்டு, கிளாஸ் என்பார்கள், பதில் சொல்லும். "இது கடைசியா?" என்ற கேள்விதான் வம்பு. கடைசியா என்று சொல்ல வேண்டுமானால் அடுத்து ஏதாவது இருக்கிறதா என்று முன்னால் எட்டிப்பார்த்தாக வேண்டும். அதனால் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். அடுத்தது கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கையில் இருப்பதை அது விடும். வரிகளுக்கு நடுவில் மட்டும் கோடு விழுந்து, கடைசி வரிக்குக் கீழே வீண்கோடு விழாமல் ரிப்போர்ட் அழகாக வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அப்போது பக்கத்து நாற்காலியில் இருந்த நெட்டையன் மட்டும் மூக்கைச் சொறிந்தான்.

"கேட்டா மட்டும் எட்டிப் பாத்தா போதாதாக்கா? எப்பவும் எதுக்கு ஒண்ணக் கையில பிடிச்சு வெச்சிருக்கணும்?"

"கையில அடுத்தது இருந்தாத்தான்பா ஒரு தைரியம்."

நெட்டையன் வேலையை விட்டுப் போய்விட்டான். எங்கே போகிறோம் என்று கூடச் சொல்லாமல் போனான். அவனுக்காக அவள் ஒரு வாரம் கவலைப்பட்டாள்.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் மகளையும் கூட்டிக்கொண்டு அவர் முன்னால் போனார். "எனக்குப் பதில் ஒரு ஆள் வந்ததும் வந்துடறேங்க" என்றாள். ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் என்று பேச்சு. இரண்டு வருடம் ஆகிவிட்டது. மாட்டிக்கொண்ட ஊர்க்காரர்களை எல்லாம் லிஃப்டிலிருந்து வெளியே எடுக்கிற மனிதருக்குச் சொந்தப் பெண்டாட்டியை வெளியே எடுக்க முடியவில்லை.

பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் ஒரு மாடியறையில் இருந்தாள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரும் அதில் கசியும் குழாயும்தான் தெரியும். கிளம்பப் போகிறோமே என்று அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கவில்லை. தினமும் பாத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சமைத்து, கழுவித் துடைத்து, மறுபடியும் பெட்டிக்குள்ளேயே வைத்தாள். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா இருக்குடி உன் பொழப்பு" என்று அவள் அம்மா போனில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

அரசன் என்றால் மேலாளர்தான். அவருக்கு ஆகட்டும் என்று பெயர். எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பாக்கலாம்" என்பார். கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

"ஆள் கிடைச்சா மறுநாளே உங்கள அனுப்பிடுவேம்மா. ஆனா நீங்க இருக்கீங்களே, அப்புறம் எதுக்கு இன்னொரு ஆள்னு மேல கேக்கறாங்க."

இதை அவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அவளும் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

அந்தப் புதன்கிழமை கணவர் போன் செய்தார். "வீட்டுக்காரர் சனிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லச் சொல்றார். மூணு பேருக்குன்னா மாடிவீடு, பெருசா இருக்கும். ரெண்டு பேருக்குன்னா இப்ப இருக்கறதே போதும். எதச் சொல்லட்டும்?"

"ஆள் வந்ததும்..."

"அதக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. வருவியான்னே நான் கேக்கல. மூணா, ரெண்டா, அத மட்டும் சொல்லு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். மறுநாளும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு கிளினிக்கிலிருந்து புகார் வந்தது. முந்தின நாள் காலில் கட்டுப்போட்ட ஒரு பெண்ணைக் கூப்பிடவே இல்லையாம். டாக்டர் ஆளில்லை என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டாராம். அங்கே இருக்கும் டோக்கன் பலகை இவர்கள் கம்பெனி அதே குட்டி மொழியில் செய்தது. ஆகட்டும் அவளை நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

கிளினிக்கின் வரவேற்புப் பெண் சிரித்தாள். "அது அப்படித்தாங்க. கடைசி ஆள மட்டும் கூப்பிடாது. நான் மெஷின்லேர்ந்து சும்மா ஒரு டோக்கன் கிழிச்சு விடுவேன், ஒடனே கூப்பிட்டுடும். நேத்து நான் லீவு, அதான் இப்படி ஆயிடுச்சு."

"எவ்வளவு நாளா இப்படி?"

"மாட்டினதுலேர்ந்தேங்க. இத ஒரு புகார்னு சொல்லுவானேன்னு விட்டுட்டேன்."

அச்சடிக்கிற பட்டியலில் எல்லாம் முன்கூட்டியே இருக்கும், எட்டிப்பார்த்தால் உண்டு இல்லை என்று உடனே தெரிந்துவிடும். டோக்கன் வரிசை அப்படியா? இன்னும் யாராவது வரலாம் என்று அது திறந்தே கிடக்கிறது. அவளுடைய கிளாஸோ அடுத்த ஆள் வந்தால்தான் இந்த ஆளை விடுவேன் என்று உட்கார்ந்திருக்கிறது.

இன்று டோக்கன் எதையும் கிழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசியில் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் மட்டும் மிஞ்சினார். பலகையில் எண் எதுவும் வரவில்லை. அவர் பலகையைப் பார்த்தார், டோக்கனைப் பார்த்தார், மறுபடியும் பலகையைப் பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டாக்டரின் அறைக்கதவு பாதி திறந்துதான் இருந்தது.

அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. எழுந்துபோய் ஒரு டோக்கனைக் கிழித்தாள். மணி அடித்தது, பெரியவரின் எண் வந்தது, அவர் அவசர அவசரமாக உள்ளே போனார்.

"இப்ப நீங்க மாட்டிக்கிட்டீங்க" என்றாள் வரவேற்புப் பெண்.

பெரியவர் வெளியே வந்து போய்விட்டார். பலகை மறுபடியும் வெறுமையானது. கையில் டோக்கன், எதிரே திறந்த கதவு, உள்ளே சும்மா இருக்கும் டாக்டர். யாரும் பூட்டவில்லை, யாரும் தடுக்கவில்லை. பின்னால் ஒரு ஆள் வராததால் இவள் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் இருப்பதால் ஆள் வரமாட்டான், ஆள் வராததால் நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியபோது, நீங்க இருக்கீங்களே என்று ஆகட்டும் இத்தனை நாள் சொன்ன வாக்கியம் அப்போதுதான் காதில் விழுந்தது. இரண்டு வருடத்தில் மகளுக்கு இரண்டு பல் விழுந்து முளைத்துவிட்டது. அதை அவள் போனில்தான் பார்த்தாள். அழுகையும் வந்தது, தன்மேல் கோபமும் வந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி அந்தக் கிளாஸைத் திறந்தாள். புதிதாக எழுத அதிகம் இல்லை, அழிக்கத்தான் இருந்தது. கையில் இருப்பதை உடனே கொடுத்துவிட வேண்டும். கடைசியா என்று யாராவது கேட்டால் மட்டும் எட்டிப்பார்த்தால் போதும். அன்று நெட்டையன் சொன்னதும் இதைத்தான். சோதித்துப் பார்த்து அனுப்பிய சற்று நேரத்தில் கிளினிக்கிலிருந்து போன்.

"மேடம், உங்க நம்பரக் கூப்பிடுது! டாக்டர் உள்ள காத்திட்டிருக்கார், எங்க போனீங்க?"

அறை முழுக்கச் சிரித்தது. ஆகட்டும் எழுந்து வந்தார். "பாத்தீங்களா? நீங்க இல்லன்னா இத யாரு கண்டுபிடிச்சிருப்பா? இதுக்குத்தான் சொல்றேன், ஆள் வர்ற வரைக்கும்..."

நன்றாக வேலை செய்ததற்குக் கூலி, கழுத்தில் இன்னும் ஒரு முடிச்சு. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"நான் இருக்கற வரைக்கும் ஆள் வராது சார். இந்த மாசத்தோட நின்னுக்கறேன்."

ஆகட்டும் தன் வழக்கமான சொல்லையே மறந்துபோனார். "அப்ப, அடுத்து யாரு?"

அடுத்தக்காவிடமே அடுத்து என்று கேட்டதும் எல்லாத் தலைகளும் திரும்பின.

"தெரியாது சார்" என்றாள்.

படிக்கட்டில் நின்று கணவருக்குப் போன் போட்டாள். "மூணு" என்றாள்.

"ஆள் வந்தாச்சா?"

"வரல."

"இங்க வேலை ஏதாவது பாத்து வெச்சிருக்கியா?"

"இல்ல."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு லிஃப்டின் மணி அடித்தது.

"நேத்தே ரெண்டுன்னு சொல்லிட்டேன்" என்றார். "மாடிவீட்ட வேற யாருக்கோ கொடுத்துட்டாங்க."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, வா" என்றார் அவர். "நெருக்கிப் படுத்துக்கலாம்."