கொஞ்சம் மேடமும் வெளுக்காத பக்கமும்

தேநீர்க் கோப்பையை எடுத்த இடத்தில் வட்டமாக ஒரு கறை. ஈரத்துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, அந்த வட்டத்தை மட்டும் துடைக்கிறார். கறை போனதும் துணியை உதறிக் காயப்போட்டுவிடுகிறார். மேசையின் மற்ற பரப்பு நேற்றைய தூசியோடு அப்படியே கிடக்கிறது. "துணியை எடுத்ததுதான் எடுத்தே, முழு மேசையையும் ஒரு இழு இழுத்துட்டா என்ன?" என்கிறார் கணவர். "மத்த இடம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று பதில் வருகிறது.

அலுவலகத்தில் இவருக்குக் 'கொஞ்சம் மேடம்' என்று பெயர். யார் என்ன குறையோடு வந்தாலும், "கொஞ்சம் மாத்தினாப் போதும், விடுங்க" என்பார். அதில் ஒட்டிக்கொண்ட பெயர். அது வீடு வரைக்கும் எட்டி, இப்போது கோபம் வந்தால் மகளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். ஐம்பதை நெருங்கும் வயது. குள்ளமான உருவம், விறுவிறுவென்ற நடை. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் கறுப்பு, மற்றது பழுப்பு. உடைந்த காலை மட்டும் மாற்றியதால் வந்த வினை அது. தலைக்குச் சாயம் பூசுவதும் முன்பக்கம் மட்டும்தான். "பின்னாடி இருக்கிறதை நானா பார்க்கப்போறேன்? பார்க்கிறவங்க கவலைப்படட்டும்." குளியலறைத் தரையில் மூன்று நிறத்தில் ஓடுகள். சோபாவில் ஓர் இருக்கைக்கு மட்டும் புது மெத்தை. அதில் யார் உட்காருவது என்று அப்பாவுக்கும் மகளுக்கும் தினமும் தகராறு.

இந்தக் குணத்தால் கணவருக்கு ஒரு லாபமும் உண்டு. சண்டை போட்டாலும் மேடம் அன்றைய விஷயத்தோடு நிறுத்திக்கொள்வார். கல்யாணத்தன்று யார் யாரை மதிக்கவில்லை என்பதையெல்லாம் இழுக்கவே மாட்டார். அதற்காகவே அந்த மேசைத் தூசியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கணவர் தன் நண்பர்களிடம் சொல்வதாகக் கேள்வி.

தொழில், மென்பொருள் எழுதுவது. ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டே அறை கொண்ட அலுவலகம். அவர் எழுதியதில் அவருக்கு மிகவும் பிரியமானது, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காகப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் எழுதியது. வருகிறவரின் பெயர், வயது, என்னென்ன சோதனை என்று கவுண்டரில் பதிந்தால், உள்ளே ரத்தம் எடுக்கும் அறையில் லேபிள் அச்சாகி வரும். "எங்கம்மாவுக்கு ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ அந்த லேப் சாஃப்ட்வேர். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல காய்ச்சல் வந்தா, அவளைத்தான் முதல்ல பார்க்க ஓடுவாங்க" என்று மகள் தன் தோழிகளிடம் சொல்வாள். அதில் பொய் இல்லை.

அந்த மூத்த மகளுக்குத்தான் ஆபத்து வந்தது.

எழுதிய காலத்து வழக்கப்படி அதில் எல்லா வேலையும் சர்வர் என்னும் தலைமைக் கணினியில்தான் நடக்கும். கவுண்டரில் இருப்பவர் ஒரே ஒரு சோதனையை மாற்றினாலும் பக்கம் முழுவதும் சர்வருக்குப் போய், முழுவதும் திரும்பி வரும். நடுவில் திரை சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துவிடும். திரும்பி வந்ததும் பக்கத்தின் உச்சியில் போய் நிற்கும். விட்ட இடத்தைத் தேடி மறுபடியும் கீழே இறங்கவேண்டும். கூட்டம் குறைவாக இருந்த காலத்தில் யாரும் இதைச் சட்டை செய்யவில்லை. இப்போது காலையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. சோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வேறு. பசியில் நிற்பவரிடம் 'கணினி மெதுவாக இருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அத்தனை பேரின் ஏச்சையும் வாங்கிக்கொள்பவர் அந்த நிலையத்தின் மேனேஜர். நல்ல மனிதர்தான். அவர் ஒருநாள் போன் செய்தார். "உங்களோடது இத்தனை நாள் நல்லாத்தான் ஓடுச்சு மேடம். இனிமே முடியாது. அடுத்த வியாழக்கிழமை வேற கம்பெனிக்காரங்க வர்றாங்க. முழுசா மாத்திடலாம்னு இருக்கோம்."

'முழுசா' என்ற சொல்லே மேடத்துக்கு ஆகாது. "வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல? நான் கொஞ்சம் மாத்தித் தர்றேன், பாருங்க" என்றார்.

அலுவலகத்தில் அவரோடு வேலை செய்யும் தாடிக்காரருக்கு எதையும் அடியிலிருந்து புதிதாகக் கட்டினால்தான் தூக்கம் வரும். "இதுதான் சாக்குன்னு புதுசா எழுதிடலாம் மேடம். எத்தனை நாளைக்கு ஒட்டுப்போட்டுக்கிட்டே இருப்பீங்க?"

"பல்பு போச்சுன்னா..."

"பல்பைத்தான் மாத்துவோம், வீட்டை மாத்தமாட்டோம். தெரியும் மேடம். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

மேடம் கேட்கவில்லை. பக்கம் பழையபடியே இருக்கட்டும், அதை எழுதுவதும் சர்வராகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் இனிமேல், சோதனையை மாற்றினால் அந்தச் சோதனைப் பட்டியலை மட்டும் சர்வர் எழுதி அனுப்பும். பிரவுசர் அதை வாங்கி, பழைய பட்டியல் இருந்த இடத்தில் வைத்துவிடும். மற்றதெல்லாம் அசையாமல் இருக்கும். பட்டியல் வந்து சேருவதற்குள் கவுண்டரில் இருப்பவர் பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்க்கலாம். பதிவு செய்யும் பட்டனுக்கும் இதே ஏற்பாடு. கறை இருக்கும் இடத்தை மட்டும் துடைக்கிறவருக்கு இதைவிடப் பிடித்த வேலை என்ன இருக்கமுடியும்? ஞாயிற்றுக்கிழமை முடித்தபோது வாயெல்லாம் பல்.

திங்கட்கிழமை காலை, வேடிக்கை பார்ப்பதற்கென்றே பரிசோதனை நிலையத்துக்குப் போய், நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்துகொண்டார். கவுண்டரில் எப்போதும் இருக்கும் அக்காதான் இருந்தார். அந்த மென்பொருள் வந்த நாளிலிருந்து அந்த நாற்காலி அவருடையது. முதலில் வந்தவர் ஒரு பெரியவர். அக்கா அவருடைய விவரத்தை எழுதி, பதிவு பட்டனை அழுத்தினார்.

பக்கம் வெளுக்கவில்லை. அக்கா திரையைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். வெளுக்கவில்லை. பட்டனுக்குக் காது கேட்கவில்லையோ என்னவோ என்று இன்னொரு முறை ஓங்கி அழுத்தினார்.

அந்த நிலையத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. லேபிள் அச்சாகிவிட்டால் அதற்கு ஒரு குழாய் ரத்தம் வந்தே தீரவேண்டும். வெறும் லேபிளைக் கிழித்துப்போட யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விடக்கூடாது என்பதற்காக வைத்தது. ஆகவே ரத்தம் எடுப்பவர் பெரியவருக்கு ஒரு குழாய் எடுத்து, பஞ்சு வைத்து அனுப்பினார். உடனே மறுபடி கூப்பிட்டார்.

"இப்பத்தானே தம்பி எடுத்தே?"

"இன்னொரு லேபிள் வந்திருக்குங்க ஐயா."

பெரியவர் மறுகையைக் கொடுத்தார். வெளியே வந்து உட்காருவதற்குள் மூன்றாவது அழைப்பு. "ஏம்ப்பா, என்னை வெறும் பாட்டிலாத்தான் வீட்டுக்கு அனுப்புறதா உத்தேசமா?" என்று அவர் கேட்டதும் வரிசையே சிரித்தது. அடுத்து நிற்கும் தங்களுக்கும் அதே கதிதான் என்று புரிந்ததும் சிரிப்பு அடங்கி, கூச்சல் கிளம்பியது.

மேனேஜர் ஓடிவந்தார். "இதுதான் உங்க கொஞ்சமா மேடம்? தயவுசெஞ்சு பழையபடியே ஆக்கிட்டுப் போங்க. மீதியை வியாழக்கிழமை பார்த்துக்கலாம்." மேடம் அங்கேயே உட்கார்ந்து பழையதைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். பிறகு கவுண்டர் அக்காவிடம் போனார்.

"ஏன்க்கா திரும்பத் திரும்ப அழுத்தினீங்க?"

"வெளுக்கலையேம்மா."

"வெளுக்கக் கூடாதுன்னுதானேக்கா நான் இத்தனை பாடு பட்டேன்!"

"நீ பாடுபட்டது சரிதான். வெளுத்தா, போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். இத்தனை வருஷமா அதைப் பார்த்துத்தானே அடுத்த ஆளைக் கூப்பிடுறேன்? இன்னைக்கு அது பாட்டுக்குக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கு. போச்சா, போகலையான்னு நான் யாரைப் போய்க் கேக்கறது?"

மேடத்துக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. எந்த வெளுப்பை நினைத்து அவர் இத்தனை காலம் கூசினாரோ, அதை நம்பித்தான் அக்கா வேலை பார்த்து வந்திருக்கிறார். புதுப் பதிவு அன்று வந்தவர்களின் பட்டியலில் சேர்ந்ததென்னவோ உண்மை. ஆனால் சேர்ந்தது பட்டியலின் அடியில், திரைக்குக் கீழே. திரை வெளுத்திருந்த காலத்தில் இரண்டாவது தடவை அழுத்த வழியே இல்லை. அந்தக் காவலை எடுத்தவர் அங்கே வேறு காவல் போடவில்லை. தவறு முழுக்கத் தன்னுடையது என்று தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்த கணவர் வாசலிலேயே மகளைக் கையால் நிறுத்தினார். "உங்கம்மா முழு மேசையையும் துடைச்சிருக்கா."

"ஐயையோ! மூத்தவளுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

மேடம் கணவரை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் சொன்னார். கணவர் கைபேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே கேட்டார். மேடம் சொன்னதையே இன்னொரு தடவை சொன்னார். பிறகு குரலை உயர்த்தி மூன்றாம் தடவையும் சொன்னார். "ஏங்க, நான் சொல்றது காதுல விழுதா, இல்லையா?"

"விழுதும்மா. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"கேட்டா ஒரு 'ம்' கொட்டக் கூடாதா? நீங்க 'ம்'னு சொன்னாத்தானே நான் அடுத்ததைச் சொல்லமுடியும்? இல்லேன்னா சொன்னதையே..." என்றவர் அப்படியே நின்றார். எழுந்து போய்க் கணினியைத் திறந்தார். மீதித் திட்டு எப்போது வரும் என்று தெரியாமல் கணவர் நெடுநேரம் பயத்தோடு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மேடம் முதலில் போனது அலுவலகத்துக்கு அல்ல, கவுண்டர் அக்காவிடம். பட்டனை அழுத்தியதும் உங்கள் கண் எங்கே இருக்கும் என்று கேட்டார். "பட்டன் மேலேயேதான். வேற எங்கே பார்ப்பேன்?" என்றார் அக்கா. அப்படியானால் பதில் அங்கேதான் வரவேண்டும். அழுத்தியவுடன் பட்டன் சாம்பல் நிறமாகி, 'பதிவாகிறது' என்று சொல்லும். சர்வரிடமிருந்து பதில் வந்ததும், அதற்குப் பக்கத்திலேயே புதுப் பெயர் தோன்றும். ஒரு கணம் நிறம் ஏறி அடங்கும். என்ன நிறம் என்பதை அக்காவே சொன்னார்: "மஞ்சள் போடு. பச்சைன்னா கண்ணு கூசும்." ஒரே பதிவு மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எதையும் எழுதாமல், முதலில் எழுதியதையே காட்டவேண்டும் என்பதும் ஏற்பாடு. அந்த நிரலுக்கு மேடம் வைத்த பெயர் 'ம்'. தாடிக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, மாலை வரை கூடவே உட்கார்ந்து சோதித்தும் கொடுத்தார்.

புதன்கிழமை, நிலையம் திறப்பதற்கு முன்பே மேடம், அக்கா, மேனேஜர் மூவரும் கவுண்டரில் இருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசை சேரத் தொடங்கியிருந்தது. மேனேஜர் பிடிவாதமாக இருந்தார். "இன்னொரு தடவை யாரையும் குத்த விடமாட்டேன் மேடம். நானே அழுத்திப் பார்க்கணும். ஒரு தடவை இல்லை, என் இஷ்டத்துக்கு."

"தாராளமா."

"லேபிள் வந்தா ரத்தம் குடுத்தாகணும், தெரியும்ல? எத்தனை வருதோ அத்தனை குழாய். யார் பேர்ல போடறது?"

மேடம் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "என் பேர்லயே போடுங்க" என்று சொல்லி, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கவுண்டர் மேல் நீட்டிவிட்டார்.

அக்கா விவரங்களை எழுதினார். மேனேஜர் குனிந்து, தந்தி அடிப்பவரைப்போல் பட்டனைத் தட்டு தட்டு என்று தட்டினார். பட்டன் சாம்பல் நிறமானது. பக்கத்தில் மேடத்தின் பெயர் வந்து, மஞ்சள் ஏறி, அடங்கியது. மேனேஜர் நிறுத்தவில்லை, அதன் பிறகும் தட்டினார். உள்ளே அச்சு இயந்திரம் கரகரவென்று ஒரு லேபிளைத் துப்பியது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். இயந்திரம் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

"போயிடுச்சு. அதான் மஞ்சளாச்சே, பார்க்கலையா? கையை எடுங்க சார், கதவைத் திறக்கணும்" என்றார் அக்கா.

மேனேஜர் சிரித்துவிட்டார். கைபேசியை எடுத்து, நாளைக்கு வரவிருந்தவர்களிடம் வரவேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறக்கப் போனார். மேடத்துக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. அதற்குள் ரத்தம் எடுப்பவர் அந்த ஒற்றை லேபிளோடும் குழாயோடும் ஊசியோடும் வந்து நின்றார். ஊசியைப் பார்த்ததும் மேடம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்களை இறுக மூடிக்கொண்டு, மறுகையால் துழாவிக் கவுண்டர் அக்காவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.