டைம் கீப்பருக்கு வேண்டிய நாலு பேர்

பஸ் டிப்போவில் காலமெல்லாம் டைம் கீப்பராக இருந்தவருக்கு, ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. வாயும் அடங்கவில்லை. தெருவில் அவரோடு சண்டை போடாதவர் என்று ஒருவரைக் காட்டினால், அவர் நேற்றுதான் குடிவந்திருக்க வேண்டும். மனைவி போன பிறகு மாடி வீட்டில் தனி வாசம். கீழ்வீட்டுத் தையல்காரரோடு தண்ணீர் மோட்டார் போடுவதில் தகராறு. முனை மருந்துக்கடைக்காரரோடு, மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துத் தேதியை மறைக்கிறார் என்று தகராறு.

ஒருநாள் வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, தனியா இருந்தது போதும். அவசரம்னா ஓடி வர உங்களுக்கு நாலு பேர் இருக்காங்களா? ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறேன். இல்லைன்னா கையோட கூட்டிட்டு வந்துடுவேன்."

"நாலு என்ன, நாப்பது பேர் இருக்காங்க!"

சொல்லிவிட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்; ஒரு விரல்கூட மடங்கவில்லை. மருமகன் தங்கமான பிள்ளை. எதைச் சொன்னாலும் "சரிங்க மாமா" என்பான். அப்படிப்பட்டவனோடு ஒரு மனுஷன் எத்தனை நாள் பேச முடியும்?

காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதைக் காலையும் பிடி என்பார்கள். இவர் தையல்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஒரே ஒரு நாள் எனக்கு சிநேகிதனா இருக்கணும்யா."

"ஒரு நாள்தானே? பல்லைக் கடிச்சுக்கறேன்," என்றார் தையல்காரர். மருந்துக்கடைக்காரரும் பெரிய மனது பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து உட்காருவதற்குள் இருவரும் ஆஜர். "சாப்பிட்டீங்களா சார்? தண்ணி வருதா சார்?" என்று குழைந்தார் தையல்காரர். "நீங்க சொன்னா சரிதான் அண்ணே," என்று கையைப் பிடித்துக்கொண்டார் மருந்துக்கடைக்காரர். "உங்களை மாதிரி உண்டா!" என்று டைம் கீப்பரும் உருகினார்.

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"மறைக்காதீங்கப்பா. டாக்டர் எத்தனை நாள்னு சொன்னார்?"

"எதுக்கு எத்தனை நாள்?"

"உங்களைப் போய் யாராவது இவ்வளவு மரியாதையா நடத்துவாங்களா? பெரிய வியாதின்னு தெரிஞ்சாதான் இப்படிப் பேசுவாங்க. நீங்களும் பதிலுக்கு நல்லா பேசறீங்க! கிளம்புங்க, பெட்டியை எடுக்கறேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அலமாரியிலிருந்த சட்டைகள் பெட்டியில் விழ ஆரம்பித்தன. டைம் கீப்பருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கூடத்துக்குப் போய்த் தையல்காரர்மேல் பாய்ந்தார்.

"யோவ், சார் சார்னே என் கதையை முடிச்சிட்டியே! உன் தையலும் கோணல், நடிப்பும் கோணல்!"

தொழிலைச் சொன்னால் பொறுப்பாரா?

"யாரைய்யா கோணல்ங்கற? போன மாசம் குளியலறையில வழுக்கி விழுந்து கிடந்தப்போ கதவை உடைச்சுத் தூக்கினது யாரு? காலையில நீ என்னைத் திட்டற சத்தம் கேக்கலையேன்னு பதறி ஓடி வந்தேன். கண்ணு முழிச்சதும் என்ன கேட்டே? 'தாழ்ப்பாளை ஏன்யா உடைச்சே'ன்னு கேட்டியே, மறந்துட்டியா?"

"நான் மட்டும் என்னவாம்?" என்று மருந்துக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். "ரெண்டு நாள் இவர் சண்டைக்கு வரலைன்னா பிரஷர் மாத்திரையை நானே மாடியேறிக் கொண்டுவந்து கொடுக்கறேன். வாங்கிட்டு, தேதி எங்கேன்னு கேக்கறாரு!"

விழுந்ததைப் பற்றி மகளிடம் டைம் கீப்பர் மூச்சு விட்டிருக்கவில்லை. தொலைந்தோம் என்று திரும்பிப் பார்த்தார்.

மகள் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய், பெட்டியில் போட்ட சட்டைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள். அழுதுகொண்டேதான் அடுக்கினாள். முடித்ததும் வெளியே வந்து தையல்காரரின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் அப்பாவுக்கு அவள் வாரம் ஒருமுறைதான் போன் செய்கிறாள். தையல்காரருக்குத்தான் தினமும்.

"அண்ணே, இன்னைக்குச் சண்டை ஆச்சா?"

"காலையிலேயே ஆச்சும்மா. என் பரம்பரையையே இழுத்துட்டாரு."

"அப்பாடா," என்று சொல்லிவிட்டு அவள் நிம்மதியாகப் போனை வைக்கிறாள்.