எங்கள் லூப்பை நீக்கிய மின்னஞ்சல்

சென்ற ஆண்டு ஒரு நாள், திருவள்ளூரில் ரயிலேறி உட்கார்ந்ததும் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கோ வெளிநாட்டிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பியிருந்தார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், உலைகளுக்கான கன்ட்ரோல் போர்டு செய்யும் சிறிய கம்பெனியில் நானும் என் தோழியும் முன்பு வேலை பார்த்தோம். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு அந்த போர்டைப் பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருளை நாங்கள்தான் எழுதினோம். உலையின் சூடு எவ்வளவு என்று கேட்டால் போர்டு உடனே சொல்லாது. தயாரா, தயாரா என்று கேட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டும். அதற்காக, திரும்பத் திரும்ப ஓடும் சில வரிகளாக நாங்களே ஒரு லூப் எழுதியிருந்தோம். அதே வேலையைச் செய்ய, எல்லா டிரைவர்களுக்கும் பொதுவாக கெர்னலிலேயே ஹெல்பர் என்று ஒரு துணை நிரல் இருப்பதால், லூப்பை எடுத்துவிட்டு அதைப் போட்டிருப்பதாக அந்த வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்தார். தன்னிடம் அந்த போர்டு இல்லாததால், நிஜ போர்டில் ஓட்டிப் பார்க்க முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

நீக்கிய வரிகள் சிவப்பு நிறத்தில் திரை முழுக்க இருந்தன. எந்த வரியை யார் அடித்தோம் என்பதுகூட நினைவிருந்தது. சோதனை உலைக்குப் பக்கத்தில் பெயின்ட் டின்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சண்டை போட்டுக்கொண்டே எழுதியவை.

வேப்பம்பட்டில் குடியிருக்கும் தோழியைக் கூப்பிட்டேன்.

“இன்னாடி சொல்ற? நம்ம லூப் இன்னுமா ஓடிக்கினு கீது?”

“இனிமே ஓடாது. தூக்கறாங்க.”

“சனிக்கெழம போய்ப் பாக்கலாமா?” என்றாள்.

கம்பெனியில் அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். உலையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் எங்களைக் கண்டதும் கையுறையைக் கழற்றினார்.

“ஜோடியா வந்துகீறீங்களே! எதுனா கெட்டுப்போச்சாம்மா?”

“இல்லண்ணா. போர்டோட புரோகிராம மாத்திப் பாக்க வந்தோம்,” என்றேன்.

“நல்லா ஓடறத ஏம்மா மாத்தணும்?”

தோழிதான் பதில் சொன்னாள். “எங்க ரெண்டு பேருக்கு மட்டும் புரிஞ்சது அது. இனிமே எல்லாரும் பாத்துப்பாங்கண்ணா.”

உலையின் கணினியில் புது டிரைவரை ஏற்றினோம். உலை சூடேற ஏற, திரையில் எண்கள் பிசகில்லாமல் ஏறின. நாங்கள் சண்டை போட்டு முடிவு செய்த காத்திருப்பு நேரத்தை அந்த ஆள் தொடாமல் அப்படியே ஹெல்பருக்குள் கொடுத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவள் என் தோளில் தட்டிச் சிரித்தாள்.

கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து, சோதித்தோம், சரியாக ஓடுகிறது என்று இருவர் பெயரையும் போட்டு பதில் எழுதினேன்.

“அனுப்பட்டுமா?”

“இரு. நம்ம பழைய லூப்ப ஒரு தரம் படிச்சிக்கிறேன்,” என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.