லில்லி மொட்டும் கசந்த வெள்ளரியும்

வெள்ளரிக்காயின் காம்புப் பக்கத்தை வட்டமாக நறுக்கி, அந்தத் துண்டையே வெட்டுவாயில் வைத்துத் தேய்த்தால் வெள்ளை நுரை கசிந்து விரலில் பிசுபிசுக்கும். கசப்பு அந்த நுரையோடு போய்விடும் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. தேய்த்துக் கழுவிய பிறகும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவர்களுக்கு நறுக்குகிறேன். காய்மேல் எனக்குள்ள இந்தச் சந்தேகம் என் பதினோராம் வயதுக் கோடையில், தூத்துக்குடியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்கட்டில் தொடங்கியது.

ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடுகள். நடுவில் இடுப்புயரச் சுவர். எங்கள் பக்கம் அம்மாவின் லில்லிப் பாத்தி. நாசரேத்தில் பிறந்து வளர்ந்த அம்மா பள்ளி ஆசிரியை. கோத்தகிரியில் இருந்த சித்தி கொடுத்தனுப்பிய கிழங்குகளை மணலில் ஊன்றி, செம்மண் போட்டுப் பிழைக்க வைத்திருந்தாள். ஆரஞ்சு நிறப் பூ காலையில் விரிந்து அன்று மாலையே சுருண்டுவிடும் என்பதால் அதற்கு 'ஒருநாள் லில்லி' என்று பெயர். பூக்காத நாளில் வெறும் நீட்டுப் புல்லாக நிற்பதைப் பார்த்து, தெருவில் 'டீச்சரம்மா புல்லு' என்றார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மிக்கேல் மாமாவின் வெள்ளரிக் கொடி. புன்னைக்காயல்காரர், கப்பலில் 'பண்டாரி', அதாவது சமையல்காரராக, பல துறைமுகங்கள் சுற்றிவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். கொடிக்குப் பந்தல் கட்டி, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுவார். கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் வரும் நல்ல தண்ணீருக்கு ஒரே குழாய்தான், அதுவும் எங்கள் பக்கத்தில். அதில் இரண்டு குடம் வெள்ளரிக்கு என்பது இரு வீட்டுக்கும் பேச்சு.

"பூவப் பாத்தா வயிறு நெறையுமா டீச்சர்? இங்கன பாருங்க, ஒரு கொடி ஒரு குடும்பத்துக்குக் காணும்" என்பார் அவர்.

"ஒங்க கொடி ஆடி மாசம் வாரதுக்குள்ள காஞ்சு போவும் அண்ணாச்சி. என் லில்லி அடுத்த வருசமும் இங்கனதான் நிக்கும்" என்பாள் அம்மா.

இரண்டுமே சரி என்று என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா துறைமுகத்தில் 'டாலி' கிளார்க். இறங்கும் மூட்டைகளுக்கு நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் அவருடைய பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இடது பக்கத்தில் மொட்டுகளின் எண்ணிக்கை. வலது பக்கத்தில் 'மற்றவை' என்று தலைப்பிட்டு, அன்று வீட்டில் நடந்ததெல்லாம். சுவருக்கு மேலாகப் பார்த்து மிக்கேல் மாமா சிரிப்பார்: "ஏளா கணக்குப்பிள்ள, என் மீசையில எத்தன முடின்னும் எழுதிட்டியா?"

அம்மாவுக்கு மொட்டுகள் விளையாட்டல்ல. ஞாயிறு ஆராதனைக்குப் பீடத்துக் கண்ணாடிச் சாடியில் பூ வைப்பது அவள் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. ஒரே நாள் வாழும் பூ என்பதால், மறுநாள் விரியப்போகும் பருத்த மொட்டுகளைச் சனிக்கிழமையே விரலால் தொட்டுப் பார்த்து முடிவு செய்வாள். ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் பதினொன்று எண்ணினேன். பிறகு அம்மாவோடு பாடற்குழுப் பயிற்சிக்குப் போனேன். ஞாயிறு காலையில் ஐந்துதான் இருந்தன. அடுத்த வாரம் ஒன்பது மூன்றாயிற்று. அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு நான்காயிற்று. காம்பு நகத்தால் கிள்ளியதுபோல் சுத்தமாக இருந்தது.

ஆடு என்றால் இலையையும் தின்றிருக்கும். அணில் என்றால் கீழே துணுக்கு கிடக்கும். அம்மா சுவரைப் பார்த்தாள். வெள்ளரிக் கொடியின் பற்றுச்சுருள் ஒன்று சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் துழாவிக்கொண்டிருந்தது. "கொடி தாண்டி வருது. ஆளு தாண்ட எவ்வளவு நேரம்?" என்றாள்.

அன்றிலிருந்து நாங்கள் அவரை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். விடியலில் அவர் கொடியருகே குனிந்து ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவுவதுகூட எனக்குக் களவுபோலவே தெரிந்தது. தண்ணீர் வந்த நாளில் அம்மா, "குழாய்த் தண்ணி நமக்கே காணல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு குடத்தையும் லில்லிக்கு ஊற்றினாள். தடித்த வேரில் தானே நீர் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி அது. ஒரு மாதம் ஊற்றாவிட்டாலும் சாகாது. நாளொன்று தப்பினாலே துவளும் வெள்ளரி, உப்புக் கிணற்றை நம்பி நின்றது.

தண்ணீரை நிறுத்திய வாரத்திலேயே மொட்டு காணாமல் போவதும் நின்றது. "பாத்தியா!" என்றாள் அம்மா. இதற்கு மேல் எங்களுக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், மிக்கேல் மாமா வளைந்து சிறுத்த இரண்டு வெள்ளரிக்காய்களைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார். அம்மா நுனியைத் தேய்த்து ஒரு கடி கடித்து, உடனே துப்பினாள். நாக்கு மரத்துப்போகும் கசப்பு. நேரே சுவருக்குப் போனாள்.

"வேணும்னேதான் குடுத்தீங்களா அண்ணாச்சி?"

"தண்ணி காணாத காய் கசக்கத்தான செய்யும் டீச்சர். இருக்கதக் குடுத்தேன்."

"அப்பம் என் மொட்டு? அத யாரு கிள்ளுனா?"

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "நாந்தான். சார்ட்ட கேட்டுட்டுத்தான கிள்ளுனேன். ஞாயித்துக்கெழம நீங்க குடிச்ச சூப்புல வேற என்ன கெடந்துச்சுன்னு நெனச்சிய? சீனாக்காரன் துறைமுகத்துல படிச்ச சமையலு டீச்சர் அது."

அந்த மூன்று ஞாயிறும் பகலில் அவர் வீட்டிலிருந்து கோழி எலும்பு சூப் வந்தது. அதில் மிதந்த மஞ்சள் தண்டுகளை ஏதோ கீரைத்தண்டு என்று நினைத்து, இரண்டாவது கிண்ணமும் வாங்கிக் குடித்தவள் அவள்தான். வயிறு நிறையாது என்று அவர் கேலி செய்த பூ எங்கள் வயிற்றுக்குள்தான் போயிருந்தது.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா கையில் பேப்பர். "எங்கிட்டயா? எப்பம்?" என்றார். உண்மையிலேயே நினைவில்லையா, பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மிக்கேல் மாமா என்னைப் பார்த்தார். "ஏளா கணக்குப்பிள்ள, நீதான் எல்லாம் எழுதுவியே. ஒன் நோட்டப் பாத்துச் சொல்லு."

நோட்டைப் புரட்டினேன். இடது பக்கம்: சனி மாலை 11, ஞாயிறு காலை 5. வலது பக்கம், என் கையெழுத்தில்: 'அம்மா உள்ளே இருந்தபோது மிக்கேல் மாமா லில்லியைக் காட்டி அப்பாவிடம் ஏதோ கேட்டார். அப்பா பேப்பரிலிருந்து தலை நிமிராமல், சரி, ஆட்டும் ஆட்டும் என்றார். மாமா வீட்டிலிருந்து சூப் வந்தது.' எதிரெதிர்ப் பக்கங்கள். மூன்று வாரமும் அப்படியே. நான் ஒருமுறைகூட இரண்டையும் சேர்த்துப் படித்ததில்லை.

நிமிர்ந்தபோது அப்பாவின் கண்ணைப் பார்த்தேன். நோட்டை மூடினேன்.

"அப்பிடி ஒண்ணும் எழுதல" என்றேன்.

மிக்கேல் மாமா "சரிளா" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானமே கொடியை வேரோடு பிடுங்கிப் பந்தலையும் பிரித்துப் போட்டார். பள்ளி திறக்கும் முன்பே வீட்டைக் காலி செய்துகொண்டு புன்னைக்காயலுக்குப் போய்விட்டார். அதன்பின் எங்கள் வீட்டில் அவர் பெயர் 'மொட்டுக்கள்ளன்' என்றே நிலைத்தது. அப்பாவும் அப்படியே சொன்னார். ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைக் கவனித்து, தேதி போட்டுக் குறித்து வைத்தேன்.

அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. நான் இப்போது இதே ஊரில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். அந்தப் பாத்தியிலிருந்து பிரித்த லில்லி பால்கனித் தொட்டியில் நிற்கிறது. போன சனிக்கிழமை மாலை ஏழு மொட்டு எண்ணினேன். அவற்றில் நான்கைக் கிள்ளி, ஞாயிறன்று கோழி எலும்போடு கொதிக்க வைத்து, எண்பது தாண்டிய அம்மாவின் முன்னால் வைத்தேன். கரண்டியால் ஒரு தண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல என்னத்தப் போட்டிருக்க?" என்றாள், பழைய சந்தேகம் மாறாத குரலில்.

பழைய நோட்டை எடுத்து, வலது பக்கத்தை உரக்க வாசித்தேன். அம்மா கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்தாள்.

"தண்ணியாவது குடுத்திருக்கலாம்" என்றாள்.

மறுநாள் அந்த இடத்துக்குப் போனேன். வீடுகள் இரண்டும் இல்லை. கன்டெய்னர் லாரிகள் நிற்கச் சிமென்ட் போட்டிருக்கிறார்கள். சுவர் ஓடிய கோட்டைக் காலடியால் அளந்து ஒருவாறு கண்டுபிடித்தேன். குழாய் எங்கே இருந்தது என்பதை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.