கடற்கரை ஓட்டலுக்கு ஒரு கொசுவலை

எங்கள் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தாலே கடற்கரை ஓட்டலின் சரித்திரம் ஆரம்பமாகிவிடும். சொல்பவர் என் மாமனார். இராஜபாளையத்தில் பிறந்து, வாலிபத்தில் கடலோரம் போய், அந்தப் பெரிய ஓட்டலில் ரூம்பாயாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தவர். பஞ்சு வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரன் தன் மனைவிக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கட்டிய பங்களாவாம் அது. பிறகு ஒரு ஜமீன்தார் வாங்கி மாடி எழுப்பி, தேக்குப் படிக்கட்டு வைத்து ஓட்டல் ஆக்கினாராம். புது ஜோடிகளும் சினிமாக்காரர்களும் வந்து குவிந்தார்களாம். ஒரு புயலில் கடல் பக்கத்து ஓடெல்லாம் பறந்துபோக, பழைய கட்டடத்தைப் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே புதுசு கட்டி ஓட்டலை நடத்தினார்களாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் வாக்கப்பட்டு வந்த முதல் வாரமே இவ்வளவையும் கேட்டுவிட்டேன். காது புளித்துப்போச்சு என்று சொன்னாலும் மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

கதை எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

“அந்தக் கட்டில்ல ஒரு தடவ படுத்துப் பார்க்கணும் தாயி.”

வேலைக்காரர்கள் விருந்தாளிக் கட்டிலில் உட்கார்ந்தாலே சீட்டுக் கிழிந்துவிடுமாம். காலமெல்லாம் அதில் விரிப்பு விரித்தவர், ஒரு நாளும் முதுகைச் சாய்த்ததில்லை. “நம்ம வீட்டுக் கட்டில் என்ன முள்ளா குத்துது மாமா?” என்று கேலி செய்வேன். அவரும் சிரிப்பார். ஆனால் அந்த ஆசை நிஜம் என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் புது முதலாளிகள் பழைய கட்டடத்தைச் சீர்படுத்தித் திறக்கப் போவதாகவும், அந்தக் காலம் போலவே கட்டில்களுக்குப் பருத்திக் கொசுவலை தேடுவதாகவும் மாமாவுக்குச் சேதி வந்தது. அவர் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், “என் மகன் தறி போட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டார். எங்கள் தறியில் ஓடுவது ஆஸ்பத்திரிக் காயத்துக்குக் கட்டுப் போடும் காஸ் துணி. அதுவும் வலை மாதிரிதானே என்று என் வீட்டுக்காரரும் துணிந்துவிட்டார். நெய்து, சலவைக்குப் போட்டு, இழுத்துக் காயவைத்து, அளந்து தைத்து அனுப்பினோம். மாமா அந்த வாரம் முழுக்கத் தெருவில் ஒரு ஆளையும் சும்மா விடவில்லை.

பிறகு ஓட்டல் மேனேஜரம்மா போன் செய்தார். மாட்டுவதற்கு முன்னால் வலைகளைத் துவைத்திருக்கிறார்கள். நாங்கள் இழுத்துக் காயவைத்திருந்ததால் அத்தனையும் சுருங்கி, மெத்தைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. எங்கள் துணி ஒரு முறை புண்ணில் சுற்றினால் குப்பைக்குப் போகும். அதை யாராவது துவைப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மாமா அன்று சாப்பாட்டில் ஓட்டல் கதை சொல்லவே இல்லை. “இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த வாசல மிதிப்பேன்” என்றார். இதே கதையை நிறுத்தச் சொல்லி எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறேன்.

“மிதிச்சிதான் ஆகணும், கெளம்புங்க” என்றேன். என் பெண்பிள்ளைகள் வளர வளரப் பாவாடைக்குக் கீழே பட்டை வைத்துத் தைத்தவள் நான். இதற்கும் பட்டை வைத்தால் தீர்ந்தது. தையல் மிஷினை வேனில் ஏற்றினோம். மேனேஜரம்மாவைச் சமாதானப்படுத்த நான் பிறந்த ஊர்ப் பால்கோவாவும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டேன்.

படிக்கட்டு மாமா சொன்னது போலவே தேக்குதான். அறைக்குள் அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. விரிப்புத் துணி எடுத்துக் கொடுத்து, பட்டை எவ்வளவு அகலம் வேண்டும் என்று பார்க்கச் சொன்னார். பட்டையை மெத்தைக்கு அடியில் செருகிய பிறகும், ஆள் படுத்திருக்கும்போது கையோ காலோ வலையில் படக் கூடாது, பட்டால் கொசு வெளியிலிருந்தே கடிக்கும்.

“யாராவது படுத்தாத்தான் அளவு தெரியும். நீங்க படுங்க சார்” என்றார் மாமாவைப் பார்த்து.

“நானா? வேண்டாம்மா. ரூம்பாய் அதுல படுக்கக் கூடாது.”

“அதெல்லாம் யாரு சொன்னா? படுங்க சார்.”

மாமா என்னைப் பார்த்தார்.

“வேலைதான மாமா, படுங்க” என்றேன்.

குளியலறைக்குப் போய்க் காலைக் கழுவினார். துண்டால் விரல் இடுக்கு வரைக்கும் துடைத்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, செத்த நேரம் விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல மல்லாந்தார். கடல் காற்றில் வலை உப்பி உப்பி அடங்கியது. நாங்கள் தலைமாட்டிலும் இடது பக்கமும் துணியைப் பிடித்து ஊசி குத்தி முடிப்பதற்குள் குறட்டை கேட்டது.

வீட்டுக்காரர் எழுப்பப் போனார். கையைப் பிடித்து இழுத்தேன். மேனேஜரம்மா சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார். மீதி இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் அளந்தோம். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தில் அந்த ஓட்டலின் சரித்திரத்தை இன்னொரு முறை முழுசாகக் கேட்டிருப்பேன்.

மிஷின் வராந்தாவில் இருந்தது. அங்கே போகும்போது தரை துடைக்கும் பையன் வாளியோடு எதிரே வந்தான். அறைக் கதவின் உள்பிடியில் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்ற அட்டை தொங்கியது. அதை எடுத்து வெளிப்பிடியில் மாட்டிவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன்.